பிராங்க் விட்டில்

சர் பிராங்க் விட்டில் (1907–1996) பிரித்தானிய வான்படையைச் சேர்ந்த பொறியியலாளரும் வானோடியும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஜெட் எஞ்சின் எனப் பரவலாக அறியப்படும் தாரை எந்திரத்துக்கு 1930 ஆம் ஆண்டில் காப்புரிமை கோரி விண்ணப்பித்த இவர், 1937 ஏப்ரல் 12 அன்று தமது எந்திரத்தை முதன்முறையாக இயக்கினார். ஏறத்தாழ இதே காலத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் என்பவரும் தனியாக ஒரு தாரை எந்திரத்தை உருவாக்கினார். இருவரும் அப்போது ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை. தாரை எந்திரத்தின் கண்டுபிடிப்பாளர்கள் என்னும் பெருமை இன்று இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

விட்டிலின் வரலாறு ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு மட்டுமன்று. கையில் பணம் இல்லாமல், மாற்று எந்திரமும் இல்லாமல், சோதனை மேடையில் கிடைத்த சுழற்சி வேகம், வெப்பநிலை, எரிபொருள் அளவு ஆகிய எண்களைக் கொண்டே உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டிய நிலையில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று சிறிய வணிகத் தாரை விமானங்களின் உரிமையாளர்கள் தம் எந்திரங்களின் நலத்தைக் கண்காணிப்பதும் பெரும்பாலும் இதே எண்களைக் கொண்டுதான். இக்கட்டுரையின் இறுதிப் பகுதிகள் இந்தத் தொடர்பை விளக்குகின்றன.

இளமைக்காலம்

விட்டில் 1907 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் எர்ல்ஸ்டன் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தை மோசஸ் விட்டில் கைத்தேர்ச்சி மிக்க இயந்திரப் பணியாளர். பிராங்கிற்கு ஒன்பது வயதானபோது குடும்பம் லெமிங்டன் ஸ்பா நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை, எந்திரங்களுக்கான அடைப்பிதழ்களும் உந்துதண்டு வளையங்களும் செய்யும் ஒரு சிறு பட்டறையை வாங்கினார். சில கடைசல் பொறிகளும் ஒற்றை உருளை கொண்ட ஒரு வாயு எந்திரமுமே பட்டறையின் சொத்து. எந்திரம் ஓடும் ஒலியைக் கேட்டும் அதைத் தொட்டும் பழகும் வாய்ப்பு சிறுவனுக்கு இங்கேதான் கிடைத்தது. பள்ளிப் பாடங்களை விட ஊர்ப் பொதுநூலகத்தில் வானூர்திகள், வானியல், சுழலிகள் பற்றிய நூல்களைப் படிப்பதிலேயே அவருக்கு நாட்டம் இருந்தது.

பதினைந்தாம் வயதில் வான்படையில் தொழில் பயிலுநராகச் சேர விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வில் தேறிய போதிலும் மருத்துவத் தேர்வில் தள்ளப்பட்டார். அப்போது அவருடைய உயரம் ஐந்தடி மட்டுமே. மார்பும் போதிய அளவில் விரியவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தந்த உணவு முறையையும் பயிற்சிகளையும் சில மாதங்கள் விடாமல் கடைப்பிடித்து மூன்று அங்குலம் உயர்ந்தார். ஆனால் ஒருமுறை தள்ளப்பட்டவரை மீண்டும் சேர்ப்பதில்லை என்பது விதி. எனவே, முதன்முறையாக விண்ணப்பிப்பவர் போலவே எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்து, 1923 செப்டம்பரில் கிரான்வெல் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்.

கிரான்வெல்

மூன்றாண்டுப் பயிற்சியில் விட்டிலின் பெயர் வெளிப்பட்டதற்கு மாதிரி விமானங்கள் செய்யும் மாணவர் குழுவே காரணம். அதில் அவர் காட்டிய திறமையும் கணிதத்தில் பெற்ற தேர்ச்சியும் மேலதிகாரிகளின் கவனத்தைக் கவர்ந்தன. தொழில் பயிலுநர்களில் மிகச் சிலருக்கே கிடைத்த வாய்ப்பாக, 1926 இல் கிரான்வெல் வான்படைக் கல்லூரியில் அதிகாரிப் பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே விமானம் ஓட்டக் கற்றார். துணிச்சல் மிகுந்த வானோடி என்று பெயரெடுத்தார். அந்தத் துணிச்சலுக்காகக் கண்டிக்கவும் பட்டார்.

ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். விட்டில் 1928 இல் எழுதிய கட்டுரை, விமான வடிவமைப்பின் எதிர்கால வளர்ச்சியைப் பற்றியது. அக்காலத்து வான்படைப் போர் விமானங்கள் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவிலேயே பறந்தன. விட்டிலோ மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது எவ்வாறு என்று கணக்கிட்டார். அத்தகைய வேகத்தை எட்ட, காற்று மெலிந்த மிகுந்த உயரத்தில் பறக்க வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் உந்துதண்டு எந்திரமும் முன்சுழல் விசிறியும் பயன்தரா. வேறு ஏதோ ஒன்று வேண்டும் என்பது வரையில் அந்தக் கட்டுரை சென்றது. அந்த வேறொன்று எது என்பதற்கு விடை மறு ஆண்டில் கிடைத்தது.

காப்புரிமையும் ஐந்து பவுண்டும்

1929 இல் விட்டரிங் ஊரில் பறப்புப் பயிற்றுநராவதற்கான பாடநெறியில் இருந்தபோது விட்டிலுக்குத் தீர்வு தோன்றியது. காற்றை அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, விரியும் சூடான வளிமத்தால் ஒரு சுழலியைச் சுற்றி, அந்தச் சுழலியைக் கொண்டே அமுக்கியை இயக்கலாம். எஞ்சும் வளிமத்தைத் தாரையாகப் பின்னோக்கிப் பீய்ச்சினால் விமானம் முன்னே செல்லும். உந்துதண்டும் வேண்டாம், முன்விசிறியும் வேண்டாம். பயிற்றுநர்களில் ஒருவரான பாட் ஜான்சன் முன்பு காப்புரிமை முகவராகப் பணியாற்றியவர். அவர் துணைசெய்ய முன்வந்தார்.

வான்துறை அமைச்சகம் இக்கருத்தை ஆலன் ஆர்னால்டு கிரிபித் என்னும் அறிவியலாளரின் பார்வைக்கு அனுப்பியது. கிரிபித் சாதாரணமானவர் அல்லர். சுழலிகளைப் பற்றி 1926 இலேயே முக்கியமான ஆய்வொன்றை எழுதியவர். பொருள்களில் விரிசல் எவ்வாறு பரவுகிறது என்பதற்கு அவர் வகுத்த கோட்பாடு இன்றும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. விட்டிலின் கணக்கில் பிழை இருப்பதாகவும், அமுக்கிக்கும் சுழலிக்கும் எதிர்பார்க்கப்பட்ட திறன் நடைமுறையில் கிட்டாது என்றும் அவர் கருதினார். அன்றைய அமுக்கிகளையும் உலோகங்களையும் வைத்துப் பார்த்தால் இந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் விளைவாக அமைச்சகம் கையை விரித்துவிட்டது.

1930 ஜனவரி 16 அன்று விட்டில் தாமே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமைச்சகம் இதில் ஆர்வம் காட்டாததால் இதை மறைபொருளாக வைக்கவேண்டிய தேவையும் எழவில்லை. காப்புரிமை வழங்கப்பட்டு வெளியிடப்பட்டது. உலகில் எவரும் படிக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு மே மாதம் டாரதி மேரி லீ என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகன்கள்.

1935 ஜனவரியில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கட்டணம் ஐந்து பவுண்டு. குடும்பச் செலவுகளுக்கிடையே அத்தொகையை விட்டிலால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. அமைச்சகமும் கட்ட மறுத்தது. காப்புரிமை காலாவதியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பெருமதிப்புள்ள கண்டுபிடிப்புகளுள் ஒன்று இவ்வாறு உரிமையாளர் அற்றுப் போனது.

பவர் ஜெட்ஸ் நிறுவனம்

இடைப்பட்ட ஆண்டுகளில் விட்டில் கடல் விமானங்களின் சோதனை வானோடியாகப் பீலிக்ஸ்டோவில் பணியாற்றினார். பின்னர் ஹென்லோவில் பொறியியல் பயின்றார். அதில் பெற்ற சிறப்பான தேர்ச்சியால் வான்படை அவரைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பீட்டர்ஹவுஸ் கல்லூரிக்கு அனுப்பியது. 1936 இல் முதல் வகுப்பில் தேறினார்.

அவர் கேம்பிரிட்ஜில் இருந்தபோதுதான், 1935 மே மாதம், பழைய வகுப்புத் தோழர் ரோல்ப் டட்லி-வில்லியம்ஸ் கடிதம் எழுதினார். அவரும் அவருடைய தொழிற்பங்காளி டின்லிங்கும் வான்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இவர்கள் வழியாக ஒரு முதலீட்டு வங்கி 2,000 பவுண்டு தர முன்வந்தது. 1936 இல் பவர் ஜெட்ஸ் நிறுவனம் தோன்றியது. விட்டில் பணியிலுள்ள அதிகாரி என்பதால், வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இதில் செலவிடலாகாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. எந்திரத்தைச் செய்து தரும் பொறுப்பை, நீராவிச் சுழலிகள் செய்வதில் பெயர்பெற்ற ரக்பி நகரத்துப் பிரிட்டிஷ் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனம் ஏற்றது.

பணப் பற்றாக்குறை வடிவமைப்பையே பாதித்தது. அமுக்கி, எரிகலன், சுழலி ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்துத் தேர்ந்த பின் ஒன்றுசேர்ப்பதே முறையாக இருந்திருக்கும். அதற்குப் பணம் இல்லை. ஆகவே முழு எந்திரத்தையும் ஒரேயடியாகக் கட்டி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இதனால், கோளாறு ஏற்பட்டால் அது எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதை அளவுமானிகளைக் கொண்டே பிரித்தறிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிலையிலும் அழுத்தமும் வெப்பநிலையும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விட்டில் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார். கணக்கிட்ட எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடுதான் அவருக்கு வழிகாட்டி.

முதல் ஓட்டம்

1937 ஏப்ரல் 12 அன்று ரக்பி தொழிற்சாலையில் எந்திரம் முதன்முறை இயக்கப்பட்டது. மின்னோடியால் சுழற்சியைத் தொடங்கி, சிறு சுடர் பற்றவைக்கப்பட்டு, வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளை எட்டியதும் விட்டில் முதன்மை எரிபொருள் அடைப்பிதழைத் திறந்தார். சில நொடிகளில் எந்திரம் கட்டுமீறியது. கூச்சலிடும் ஒலியுடன் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று; எரிகலனின் உலோகத் தகடு சிவந்து ஒளிர்ந்தது. விட்டில் அடைப்பிதழை முழுவதும் மூடினார். ஆனால் வேகம் குறையவில்லை. சுற்றி நின்றவர்கள் ஓட்டமெடுத்தனர். விட்டில் ஓடவில்லை. அது வீரத்தால் அன்று, அச்சத்தில் கால்கள் அசையாததால்தான் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏறத்தாழ 8,000 சுற்றுகளை எட்டிய பின் எந்திரம் மெல்ல அடங்கியது.

அடைப்பிதழை மூடிய பிறகும் வேகம் ஏறியதால் எரிபொருள் வேறு வழியில் கிடைத்திருக்க வேண்டும் என்பது தெளிவு. தொடக்கத்துக்கு முன்பே கசிந்த எரிபொருள் எரிகலனின் அடியில் தேங்கியிருந்தது. அது தீர்ந்த பிறகுதான் எந்திரம் நின்றது. வடிகால் ஒன்று பொருத்தப்பட்டது.

இத்தகைய சோதனைகளைத் தன் கூரையின் கீழ் நடத்துவது ஆபத்து என்று ரக்பி நிறுவனம் கருதியதால், 1938 இல் வேலை லட்டர்வொர்த் ஊரில் கைவிடப்பட்டிருந்த ஒரு வார்ப்பாலைக்கு மாறியது. அதே எந்திரத்தின் பாகங்களைக் கொண்டே இரண்டாம் வடிவம் கட்டப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அதன் சுழலி சேதமடைந்தது. ஒற்றை எரிகலனுக்குப் பதிலாகப் பத்துச் சிறு எரிகலன்களைக் கொண்ட மூன்றாம் வடிவம் அக்டோபரில் ஓடத் தொடங்கி, 1941 தொடக்கத்தில் சுழலி வட்டு உடையும் வரை பணிபுரிந்தது.

சுழலி அலகுகளும் எரிதலும்

விட்டிலை மிக வருத்திய சிக்கல்கள் மூன்று. முதலாவது, சுழலியின் அலகுகள். செந்நிறமாகப் பழுத்த நிலையில், மிகுந்த மையவிலக்கு விசையைத் தாங்கிச் சுழலும் இந்தச் சிறு உலோகத் துண்டுகள் மெல்ல மெல்ல நீள்கின்றன. வெப்பநிலை சிறிதளவு கூடினாலும் இந்த நீட்சி விரைவுபடும். அலகின் ஆயுள் குறையும். முதலில் பயன்பட்ட உருக்கு போதவில்லை. பின்னர் மாண்ட் நிக்கல் நிறுவனம் உருவாக்கிய நிமோனிக் 80 என்னும் நிக்கல் கலவை நிலைமையைப் பெரிதும் மாற்றியது. அலகின் வடிவத்திலும் குறை இருந்தது. சுழலும் வளிமத்தின் அழுத்தம் அலகின் அடியிலும் நுனியிலும் ஒன்றாக இராது என்பதை நீராவிச் சுழலி வல்லுநர்கள் கணக்கில் கொள்ளவில்லை. விட்டில் இதைக் கண்டறிந்து, அடியிலிருந்து நுனிவரை முறுக்கிய அலகுகளை வகுத்தார். இளம் அதிகாரி ஒருவர் தமது தொழிலையே தமக்குக் கற்பிக்க வந்ததை அந்த வல்லுநர்கள் விரும்பவில்லை.

இரண்டாவது சிக்கல் எரிதல். அன்று எந்த உலையிலும் நிகழாத அளவு செறிவாக, சிறிய இடத்தில், வேகமாக ஓடும் காற்றில் எரிபொருளை அணையாமல் எரிக்க வேண்டியிருந்தது. வெப்பம் ஒரே சீராகப் பரவாவிட்டால் சுழலியின் ஒரு பகுதி மட்டும் அளவுமீறிச் சூடாகும். ஷெல் நிறுவனத்தின் ஐசக் லபக் வடிவமைத்த, எரிபொருளைத் துகள்களாகச் சிதறடிக்கும் எரிப்பான் 1940 இல் இதற்குத் தீர்வு தந்தது. மூன்றாவது, அமுக்கியில் காற்றோட்டம் திடீரெனத் தடுமாறிப் பின்னோக்கித் திரும்பும் கோளாறு. இது பிற்காலத்து எந்திர வடிவங்களிலும் நெடுநாள் தொல்லை கொடுத்தது.

1939 ஜூனில் வான்துறை அமைச்சகத்தின் ஆராய்ச்சி இயக்குநர் டேவிட் பை லட்டர்வொர்த்துக்கு வந்தார். எந்திரம் இருபது நிமிடம் இடைவிடாது ஓடுவதைக் கண்டார். நெடுநாள் ஐயம் கொண்டிருந்த அவர் அன்றே மனம் மாறினார். பறப்புக்கான எந்திரம் ஒன்றுக்கும், அதைத் தாங்கும் விமானத்துக்கும் அமைச்சகம் ஆணையிட்டது. ஆனால் 1939 ஆகஸ்ட் 27 அன்றே ஓஹைனின் எந்திரம் பொருத்திய ஹைன்கல் விமானம் ஜெர்மனியில் பறந்துவிட்டது. இது பிரித்தானியருக்கு அப்போது தெரியாது.

முதல் பறப்பு

குளோஸ்டர் நிறுவனம் கட்டிய இ.28/39 என்னும் சிறு விமானம் 1941 மே 15 அன்று மாலை கிரான்வெல்லில் வானேறியது. வானோடி ஜெரி சேயர். பறப்பு 17 நிமிடம் நீடித்தது. விட்டில் தொழில் பயிலுநராகச் சேர்ந்த அதே ஊர் அது.

அந்தப் பறப்பில் பயன்பட்ட டபிள்யூ.1 எந்திரம் நிமிடத்துக்கு 16,500 சுற்றுகளில் சுமார் 390 கிலோகிராம் உந்துவிசை தந்தது. முதல் சோதனை எந்திரத்துக்குக் குறிக்கப்பட்ட வேகம் 17,750 சுற்றுகள். பறக்கும்போது அந்த வேகத்தை விட்டில் அனுமதிக்கவில்லை. தரையில் 25 மணி நேரச் சோதனையில் தேறிய எந்திரத்துக்குப் பறப்பில் 10 மணி நேரம் மட்டுமே அனுமதி. அடுத்த சில நாள்களிலேயே விமானம் மணிக்கு ஏறத்தாழ 595 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

1941 அக்டோபரில் ஓர் எந்திரமும் வரைபடங்களும் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அதைப் பின்பற்றிச் செய்த எந்திரங்களுடன், ஓராண்டுக்குள் அமெரிக்காவின் முதல் தாரை விமானம் பறந்தது. பிரித்தானியாவில் உற்பத்தி ரோவர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனம் விட்டிலைக் கேளாமலே வடிவமைப்பை மாற்றியதால் கசப்பு மூண்டது. 1943 தொடக்கத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இப்பணியை ஏற்ற பின்னரே வேலை சீரடைந்தது. வெல்லண்ட் எனப் பெயர்பெற்ற எந்திரத்துடன் மீட்டியர் போர் விமானம் 1944 ஜூலையில் வான்படைப் பணியில் சேர்ந்தது.

இத்தனை ஆண்டுப் போராட்டத்தின் விலையை விட்டிலின் உடல் கொடுத்தது. ஓயாமல் புகைத்தார், தூக்கத்தைத் துரத்தப் பென்சிட்ரின் மாத்திரைகளை உட்கொண்டார், உடல் எடை வெகுவாகக் குறைந்தது. 1940 டிசம்பரில் நரம்புத் தளர்ச்சியால் வீழ்ந்தார். பின்னரும் பலமுறை மருத்துவமனையில் தங்க நேர்ந்தது.

நாட்டுடைமையும் பிற்கால வாழ்வும்

இளமையில் சமத்துவக் கொள்கையில் நம்பிக்கை கொண்டிருந்த விட்டில், தாரை எந்திரத் தொழில் முழுவதையும் நாட்டுடைமையாக்க வேண்டும் என்று தாமே யோசனை கூறினார். 1944 இல் அரசு நாட்டுடைமையாக்கியது பவர் ஜெட்ஸ் ஒன்றை மட்டுமே. பெரிய நிறுவனங்கள் தனியார் கையிலேயே இருந்தன. விட்டில் தம் பங்குகளை முன்னரே அரசுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். எந்திரங்களை வடிவமைத்து உருவாக்கும் பணி தம் குழுவிடமிருந்து எடுக்கப்பட்டு, ஆராய்ச்சி மட்டுமே எஞ்சியதும், 1946 ஜனவரியில் அவர் விலகினார். குழுவினர் பலரும் அவரைத் தொடர்ந்தனர். 1948 இல் கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் அவருக்கு 1,00,000 பவுண்டு வழங்கியது. அதே ஆண்டு சர் பட்டம் பெற்று, ஏர் கொமடோர் தரத்தில் வான்படையிலிருந்து ஓய்வு பெற்றார்.

பின்னர் பிரித்தானிய விமானப் போக்குவரத்துக் கழகத்தின் ஆலோசகராகவும், எண்ணெய்க் கிணறு தோண்டும் சுழலித் துளைப்பியின் வடிவமைப்பாளராகவும் பணியாற்றினார். 1976 இல் அமெரிக்காவில் குடியேறி, அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியரானார். முன்னாள் போட்டியாளர் ஓஹைனுடன் நட்பு கொண்டார்; இருவரும் 1991 ஆம் ஆண்டின் டிரேப்பர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1996 ஆகஸ்டில் மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியா நகரில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அவருடைய அஸ்தி கிரான்வெல்லுக்குக் கொண்டுவரப்பட்டது.

வணிகத் தாரை விமானங்களில் விட்டிலின் வடிவமைப்பு

பெரிய பயணிகள் விமானங்களின் எந்திரங்கள் கிரிபித் முன்மொழிந்த அச்சுவழி அமுக்கியையே பின்பற்றுகின்றன. விட்டில் நம்பிய மையவிலக்கு அமுக்கி அங்கே வழக்கொழிந்தது. இதைக் கொண்டு விட்டிலின் வடிவம் மறைந்துவிட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. நிறுவனங்களும் தனியாரும் வைத்திருக்கும் சிறிய வணிகத் தாரை விமானங்களில் அது இன்றும் வாழ்கிறது.

1970களின் தொடக்கத்தில் செஸ்னா சைட்டேஷன் விமானத்துடன் பணிக்கு வந்த பிராட் அண்டு விட்னி கனடாவின் ஜேடி15டி எந்திரத்தில் உயரழுத்த அமுக்கி மையவிலக்கு வகையைச் சேர்ந்தது. எரிகலனில் வளிமம் எதிர்த்திசையில் திரும்பி ஓடும். விட்டிலின் எந்திரங்களிலும் இவ்விரண்டும் இருந்தன. லியர்ஜெட், பால்கன் உள்ளிட்ட பல விமானங்களில் பயன்பட்ட காரெட் டிஎப்இ731 எந்திரத்தில், அச்சுவழி அமுக்கியின் நிலைகளை அடுத்து ஒரு மையவிலக்கு நிலை வருகிறது. 1930 ஆம் ஆண்டுக் காப்புரிமைப் படத்தில் விட்டில் வரைந்ததும் இதே வரிசைதான்: இரண்டு அச்சுவழி நிலைகள், பின் ஒரு மையவிலக்கு நிலை. மேலும் இவை யாவும் காற்றின் ஒரு பகுதியை எரிகலனுக்குள் விடாமல் சுற்றிச் செலுத்தும் விசிறித் தாரை எந்திரங்கள். அக்கருத்துக்கும் விட்டில் 1936 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்.

எந்திர நிலையின் போக்கைக் கண்காணித்தல்

பெரிய விமான நிறுவனத்திடம் பணிமனையும் பொறியாளர் படையும் மாற்று எந்திரங்களும் இருக்கும். ஒன்றிரண்டு விமானங்கள் மட்டுமே வைத்திருக்கும் வணிக உரிமையாளரிடம் இவை இரா. எந்திரத்தைக் கழற்றித் திறந்து பார்ப்பது பெருஞ்செலவு. விமானமும் வாரக்கணக்கில் முடங்கும். எனவே திறக்காமலே உள்நிலையை அறியும் முறை இவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. போக்குக் கண்காணிப்பு எனப்படும் அம்முறை பின்வருமாறு அமைகிறது.

விமானம் ஒரே உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது சில அளவுகள் குறிக்கப்படுகின்றன: பறக்கும் உயரம், வேகம், வெளிக்காற்றின் வெப்பநிலை, விசிறித் தண்டின் சுழற்சி, உயரழுத்தத் தண்டின் சுழற்சி, சுழலிப் பகுதியின் வளிம வெப்பநிலை, எரிபொருள் ஓட்டம். முன்பு வானோடி இவற்றைத் தாளில் எழுதி அனுப்பினார். புதிய விமானங்களில் கணினியே பதிவு செய்கிறது. சேர்ந்த அளவுகளை உரிமையாளர் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்புவது வழக்கம்.

இந்த எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. வெப்பமான நாளில் எந்திரமும் வெப்பமாகவே ஓடும். அது நோய் அன்று. ஆகவே முதலில் அளவுகள் யாவும் 15 பாகை செல்சியசு, 1013.25 ஹெக்டோபாசுக்கல் என்னும் செந்தர வளிமண்டல நிலைக்குத் திருத்தப்படுகின்றன. பின்னர், நலமான எந்திரம் அதே நிலையில் காட்ட வேண்டிய மதிப்புடன் ஒப்பிடப்படுகின்றன. கிடைக்கும் வேறுபாடு பறப்புக்குப் பறப்பு வரைபடத்தில் புள்ளியாக இடப்படுகிறது. ஒரு புள்ளி தனித்து விலகினால் அதற்குப் பொருள் இல்லை. படித்தவர் தவறாகப் படித்திருக்கலாம். பல புள்ளிகள் ஒரே திசையில் நகரும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது.

எந்த அளவுகள் சேர்ந்து நகர்கின்றன என்பதில்தான் நோயறியும் நுட்பம் இருக்கிறது. உந்துவிசை மாறாமல் இருக்க, வெப்பநிலையும் எரிபொருளும் உயரழுத்தத் தண்டின் வேகமும் ஒன்றாக ஏறினால், அமுக்கியில் அழுக்கு படிந்திருக்கலாம் அல்லது அதன் அலகுகள் தேய்ந்திருக்கலாம். அழுக்கானால் கழுவியதும் கோடு பழைய இடத்துக்கு இறங்கும். வெப்பநிலையும் எரிபொருளும் ஏறி, தண்டின் வேகம் மட்டும் இறங்கினால், கோளாறு பெரும்பாலும் சூடான பகுதியில், அதாவது சுழலியிலும் அதன் முன்னுள்ள வழிகாட்டி அலகுகளிலும் இருக்கும். ஏதேனும் ஒன்று மட்டும் திடீரென மாறி மற்றவை அசையாதிருந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது எந்திரத்தை அன்று, அளவுமானியைத்தான். இந்த எளிய விதியை மறந்து நல்ல எந்திரத்தைத் திறப்பதால் வீண் செலவு நேரும்.

இதனுடன் மசகெண்ணெயும் சோதிக்கப்படுகிறது. எண்ணெயின் மாதிரியை நிறமாலை முறையில் ஆராய்ந்து, அதில் கலந்துள்ள இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் அளவைக் காண்கின்றனர். தாங்கிகளும் பற்சக்கரங்களும் தேய்வது இதில் தெரியும். சுழலித் தாரையின் வெப்பநிலையில் அது தெரியாது. வடிகட்டியில் சிக்கும் துகள்களும் அதிர்வு அளவும் துணைச் சான்றுகள்.

வெப்பநிலைக் கோடு மெல்ல ஏறி உச்ச வரம்பை நெருங்குவது உரிமையாளருக்கு அவகாசத்தைத் தருகிறது. வரம்புக்கும் இன்றைய அளவுக்கும் இடையே எஞ்சிய இடைவெளி குறையும் வேகத்தைப் பார்த்து, எந்த மாதத்தில் எந்திரத்தை உட்பார்வை கருவியால் நோக்க வேண்டும் என்று முன்னரே திட்டமிடலாம். வாடகை எந்திரத்துக்கும் ஏற்பாடு செய்யலாம். காலந்தாழ்த்தினால், அரித்துப்போன வழிகாட்டி அலகு ஒன்று சுழலும் அலகுகளையும் கெடுத்துச் செலவைப் பன்மடங்காக்கும்.

இம்முறைக்கு எல்லை உண்டு. சுழலி வட்டில் தோன்றும் நுண்விரிசல் எந்திரத்தின் செயல்திறனைக் குறைப்பதில்லை. உடையும் நொடி வரை வெப்பநிலையும் எரிபொருளும் இயல்பாகவே இருக்கக்கூடும். அதனால் வட்டுகளுக்குப் போக்கைப் பார்த்து ஆயுள் நீட்டிக்கப்படுவதில்லை. எந்திரம் எத்தனை முறை தொடங்கி, முழு வலிமைக்கு ஏற்றி, அணைக்கப்பட்டது என்னும் சுழற்சிக் கணக்கு தனியே எழுதப்பட்டு, குறித்த எண்ணிக்கை நிறைந்ததும் வட்டு எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் கழற்றப்படுகிறது.